சென்னை சபா நகைச்சுவை நாடகங்களின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபா நாடகம் என்று எதைச் சொல்கிறோம்?

சென்னையில் உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவைக் கொண்டு இயங்கும் கலை அமைப்புகளைச் சபா என்கிறோம். திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டு தொடங்கியது. மயிலாப்பூரின் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், தியாகராய நகரின் வாணி மகாலில் நடக்கும் தியாக பிரம்ம கான சபா, கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, பிரம்ம கான சபா, கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் எனப் பல அமைப்புகள் இந்த வரிசையில் உண்டு. மார்கழியில் கச்சேரிகளை நடத்தும் இதே சபாக்கள் ஆண்டின் மற்ற மாதங்களில் தங்கள் உறுப்பினர்களுக்காக நாடகங்களை ஏற்பாடு செய்துவந்தன. அப்படி மேடையேறியவற்றைத்தான் சபா நாடகங்கள் என்று குறிப்பிடுகிறோம். குடும்ப நாடகம், துப்பறியும் நாடகம், புராண நாடகம் எல்லாமே அவற்றில் இருந்தன என்றாலும், இந்த நகரம் மிக நீண்ட காலம் விரும்பிப் பார்த்தது நகைச்சுவை நாடகத்தைத்தான்.

இதன் தொடக்கத்தை எந்த ஆண்டில் வைக்கலாம்?

1891இல் வைப்பதே பொருத்தம். பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச விநோதினி சபாவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்துத் தூண்டப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார், நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஆண்டில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அதுவரை நாடகம் என்பது அதையே பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்ற கம்பெனிகளின் தொழிலாக இருந்தது. நடிப்பவர்களுக்குச் சமூகத்தில் மதிப்பும் குறைவாகவே இருந்தது. வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றிய சம்பந்த முதலியார், படித்து வேலையில் இருப்பவர்களும் மாலை வேளையில் அரிதாரம் பூசலாம் என்ற நிலையை உருவாக்கினார். இரவு முழுவதும் பாட்டாக நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடங்கும் உரைநடை நாடகமாக மாற்றியதிலும் அவருடைய பங்கு பெரிது. பிற்காலத்துச் சபா நாடகத்தின் அடிப்படைக் கூறுகளான பகுதிநேர நடிகர்கள், உரையாடலுக்கு முதலிடம், அளவான நேரம் ஆகிய மூன்றுமே இங்கிருந்து வந்தவை.

அவருடைய 'சபாபதி'க்கு இந்த வரலாற்றில் என்ன இடம்?

அசட்டு ஜமீன்தார் ஒருவர். அவரிடம் வேலை பார்க்கும், அவரைவிட அசடான ஒரு வேலைக்காரன். இருவருக்கும் பெயர் சபாபதி. சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்டு செய்துவிட்டு வந்து நிற்கும் வேலைக்காரனையும், தான் சொன்னதில் என்ன குறை என்றே தெரியாத எஜமானையும் எதிரெதிரே நிறுத்தியதில்தான் அந்த நாடகத்தின் சிரிப்பு பிறக்கிறது. 1941இல் இது திரைப்படமானபோது டி. ஆர். ராமச்சந்திரன் ஜமீன்தாராகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். நாடகத்தை நேரில் கண்ட தலைமுறை மறைந்த பின்னரும் அந்தப் படத்தின் வழியே அதன் சுவை எஞ்சியிருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் நாடகத்தில் நகைச்சுவை என்பது பெரிய கதைக்கு நடுவில் 'பபூன்' வந்து போகும் இடைவெளிக் காட்சியாக இருந்தது. இங்கே நகைச்சுவையே முழுக் கதையாக நின்றது. இரண்டு பேர் நின்று பேசிக்கொள்வதிலேயே அரங்கைச் சிரிக்கவைக்கும் முறைக்கு, பின்னால் வந்த அனைவரும் இந்த நாடகத்துக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள் என்பது என் கருத்து.

என். எஸ். கிருஷ்ணனும் எம். ஆர். ராதாவும் இந்த மரபைச் சேர்ந்தவர்களா?

இல்லை. அவர்கள் தொழில்முறை நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கலைவாணர் கிருஷ்ணன், டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்றவர். ராதாவின் 'இரத்தக்கண்ணீர்' போன்ற நாடகங்களைச் சபா உறுப்பினர்களைவிடப் பன்மடங்கு பெரிய, பன்மடங்கு வேறுபட்ட கூட்டம் டிக்கெட் வாங்கிப் பார்த்தது. நாடகத்தின் நடுவே அன்றாடச் செய்தியை இழுத்துவைத்துப் பேசும் அவருடைய துணிச்சல், எழுதிய வசனத்தை எழுதியபடி ஒப்பிக்கும் சபா மேடையில் அரிது. சென்னை நகைச்சுவையின் வரலாற்றைச் சபாக்களோடு முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வியை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அலுவலக ஊழியர்கள் எப்படி நாடகக்காரர்கள் ஆனார்கள்?

சுதந்திரத்துக்குப் பிந்தைய சென்னையில் மத்திய, மாநில அரசு அலுவலகங்கள், ரயில்வே, வங்கிகள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றில் படித்த இளைஞர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர்களுக்கு நேரம் இருந்தது. அலுவலகங்களில் மனமகிழ் மன்றங்களும் அவை நடத்தும் ஆண்டு விழாக்களும் இருந்தன. ஒத்திகைக்கு ஒருவர் வீட்டு மொட்டை மாடி போதுமானதாக இருந்தது. மாதச் சம்பளம் வருகிற காரணத்தால் நாடகம் சோறு போடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தச் சூழலில் 1952இல் ஒய். ஜி. பார்த்தசாரதியும் எழுத்தாளர் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு, பின்னாளில் தமிழ்நாடே அறிந்த பலருக்குப் பயிற்சிக் களமாக அமைந்தது. பார்த்தசாரதியின் மகன் ஒய். ஜி. மகேந்திரன் அக்குழுவைத் தொடர்ந்து நடத்திவருகிறார்.

அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றிய கே. பாலசந்தரின் கதை இந்தக் காலத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் எழுதி இயக்கிய 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர்நீச்சல்' ஆகியவை மேடையில் வெற்றி பெற்ற பிறகே திரைக்குச் சென்றன. ரயில்வே ஊழியராக இருந்த நாகேஷ் அவருடைய மேடையில் கண்டெடுத்த சுதந்திரம் வேறு எங்கும் அவருக்குக் கிடைத்திருக்காது. சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கும் ஒரு பாத்திரத்தின் தனிமையைப் பார்வையாளர் திடீரென்று உணரும்படி செய்வது பாலசந்தர் நாடகங்களின் தனித்தன்மை. 'சர்வர் சுந்தர'த்தின் ஓட்டல் பணியாளனும், 'எதிர்நீச்ச'லில் பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் எடுபிடியாக இருந்து படிக்கும் மாதுவும் அப்படிப்பட்டவர்கள். சபா மேடை வெறும் சிரிப்புக்கு மட்டுமே இடம் கொடுத்தது என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு பாத்திரங்களே பதில்.

சோ ராமசாமி கொண்டுவந்த மாற்றம் என்ன?

அரசியல். வழக்கறிஞராகவும் பின்னர் டி.டி.கே. நிறுவனத்தின் சட்ட ஆலோசகராகவும் இருந்த சோ, 1950களில் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவோடு மேடைக்கு வந்தார். 'தேன்மொழியாள்' என்ற நாடகத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவருக்கு வாழ்நாள் பெயராயிற்று. நாடகம் ஒருவருக்குப் பெயர் சூட்டுவது இந்த உலகில் வழக்கமாகவே இருந்தது. சோ எழுதிய தொடக்க கால நாடகம் ஒன்றின் பாத்திரப் பெயர்தான் ராமமூர்த்தியைக் 'காத்தாடி' ராமமூர்த்தி ஆக்கியது.

சோவின் நாடகங்களில் கதை என்பது ஒரு கேள்வியாகத் தொடங்கும். கடவுள் இன்றைய நாட்டில் அவதரித்தால் என்ன ஆகும் என்பது 'சம்பவாமி யுகே யுகே'. பதினான்காம் நூற்றாண்டின் டெல்லி சுல்தான் துக்ளக்கும் பயணி இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்துவந்து இன்றைய டெல்லியில் அரசியலில் இறங்கினால் என்ன ஆகும் என்பது 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்'. கட்சித் தாவலும் பதவி ஆசையும் மொழிப் பிரச்சினையும் அன்றாடச் செய்தியாக இருந்த காலத்தில், அவற்றைப் பெயர் சொல்லிக் கேலி செய்யும் ஒரு மேடை சென்னை நடுத்தர வர்க்கத்துக்குப் புதிது. அந்த நாடகம் 1971இல் படமாகவும் வந்தது. அதிலிருந்த 'துக்ளக்' என்ற பெயரையே 1970 ஜனவரியில் தொடங்கிய தம் பத்திரிகைக்கும் அவர் வைத்தார்.

நாடகக் கலை என்ற அளவில் அவரிடம் குறைகள் உண்டு. பாத்திரங்கள் பெரும்பாலும் கருத்தின் வாயாக நிற்பவை. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. மேடை அசைவு குறைவு. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் ஏராளம். ஆனால் ஆட்சியில் யார் இருந்தாலும் அவர்களை மேடையில் வைத்துக் கேள்வி கேட்கலாம் என்ற பழக்கத்தைச் சபா பார்வையாளர்களிடம் வேரூன்றச் செய்தவர் அவர்தான்.

நாடகங்களுக்குத் தணிக்கை இருந்ததா?

இருந்தது. ஆங்கிலேயர் காலத்து 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் வழியில், சென்னை மாகாணத்துக்கென்று 1954இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை ஒட்டி எழுந்த சர்ச்சை அந்தச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது. நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெறுவது அதன் பிறகு எல்லாக் குழுக்களுக்கும் பழக்கமான நடைமுறை ஆயிற்று. மாமியார் மருமகள் சண்டையை வைத்து எழுதிய நாடகத்துக்கு இது வெறும் சம்பிரதாயம். அரசியல் நாடகத்துக்கு உண்மையான தடை. சோவின் 'சம்பவாமி யுகே யுகே' அன்றைய மாநில அரசின் தணிக்கைக் கெடுபிடியைச் சந்தித்தே மேடையில் நிலைத்தது. எழுத்தாளரும் 'பரீக்ஷா' குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபா மேடைக்கு வெளியே நின்ற ஒருவர் போராடிப் பெற்ற இந்த உரிமையின் பயன் சபா குழுக்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது. அதை அவர்கள் நன்றியோடு நினைவில் வைக்க வேண்டும்.

இந்த நாடகங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான கேள்வி இது என்று நினைக்கிறேன். ஏனெனில் மேடையில் நாம் கண்ட நிறைகளுக்கும் குறைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சபா உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு தொகையைச் சந்தாவாகக் கட்டுவார். அதற்கு ஈடாகச் சபா மாதந்தோறும் சில நிகழ்ச்சிகளை அவருக்குத் தரவேண்டும். சபா செயலாளர் ஒரு நாடகக் குழுவை அழைத்து, ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை பேசுவார். அந்தத் தொகைக்குள் குழு நடத்துநர் செட், ஒளி, ஒலி, ஒப்பனை, பின்னணி இசை, வண்டி வாடகை ஆகிய அனைத்தையும் சமாளித்து, நடிகர்களுக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும். புதிய நாடகத்தின் அரங்கேற்றத்துக்கு எல்லாச் சபாச் செயலாளர்களும் அழைக்கப்படுவார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அந்த நாடகம் ஒரு சபாவிலிருந்து இன்னொன்றுக்கு என்று நகரம் முழுவதும் சுற்றிவரும். பிடிக்காவிட்டால் பல மாத ஒத்திகை சில காட்சிகளோடு முடிந்துவிடும்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். நடிகர் எண்ணிக்கை கூடினால் செலவு கூடும். ஆகவே பாத்திரங்கள் குறைந்தன. செட் மாற்றினால் செலவு கூடும்; ஆகவே கதை முழுவதும் ஒரே கூடத்தில் நடந்தது. உறுப்பினர்கள் குடும்பத்தோடு வருகிறவர்கள், ஏற்கனவே பணம் கட்டியவர்கள், அவர்களில் யாருக்காவது சங்கடம் நேர்ந்தால் செயலாளரிடம் முறையிடக் கூடியவர்கள். ஆகவே கதை பெரும்பாலும் அவர்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில், அவர்கள் பேசுவதைப் போன்ற பேச்சில், அவர்களைப் புண்படுத்தாத எல்லைக்குள் அமைந்தது. அதே முறைதான் ஒரே நாடகத்தை நூறு முறைக்கு மேலும் நடிக்க வாய்ப்பளித்து, எந்தச் சொல்லில் அரை நொடி நிறுத்தினால் சிரிப்பு எழும் என்ற நுட்பத்தை நடிகர்களுக்குக் கற்றுத்தந்தது.

எல்லா நாடகத்திலும் நடுவில் ஒரு சோபா இருப்பது ஏன்?

செலவு ஒரு காரணம் என்பதை மேலே சொன்னேன். இன்னொரு காரணம் ஒலிவாங்கி. உடையில் பொருத்தும் மைக் பரவலாவதற்கு முன்னால், மேடையின் முன்பகுதியில் வரிசையாகத் தொங்கவிட்ட மைக்குகள்தான் குரலைக் கூடத்தின் கடைசி வரிசை வரை கொண்டுசென்றன. அவற்றின் கீழே வந்து நின்றால்தான் வசனம் கேட்கும். ஆகவே ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் சமையலறைக்கோ மாடிக்கோ போகும் வழி, நடுவே சோபா, அருகில் ஒரு தொலைபேசி என்ற அமைப்பு நடைமுறைக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. ஒருவர் வெளியே போன அதே நொடியில் அவர் பார்க்கக் கூடாத ஒருவர் மறுபக்கத்திலிருந்து உள்ளே வருவதற்கு இந்த இரண்டு வழிகள் போதும். ஆள்மாறாட்ட நகைச்சுவையின் பாதி வேலையை அந்தக் கதவுகளே செய்தன.

பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேலை முடிந்து நேரே அரங்குக்கு ஓடிவந்த நடிகருக்கு ஒரு வரி மறந்துபோனால், கூடத்தில் யாருக்கும் கேட்காமல் அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் அதைச் சொல்வது தனித் திறமை. அந்தத் திறமைசாலிகளின் பெயர்கள் பெரும்பாலும் எந்த அழைப்பிதழிலும் அச்சாகவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

1970களில் வந்த தலைமுறை எப்படி வேறுபட்டது?

இவர்கள் நகைச்சுவையை மட்டுமே முழுநீள நாடகமாகக் கொடுக்கும் துணிவோடு வந்தார்கள். யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவில் வளர்ந்த மௌலியின் 'ஃபிளைட் 172' பேச்சின் வேகத்துக்காக இன்றும் நினைக்கப்படுகிறது. விசு கூட்டுக் குடும்பத்துக்குள் நடக்கும் கணக்கு வழக்குகளையும் வாக்குவாதங்களையும் நாடகமாக்கி, அவற்றில் பலவற்றைப் பின்னர் படமாக்கினார். ஸ்டேஜ் கிரியேஷன்ஸ் குழுவை நடத்திய காத்தாடி ராமமூர்த்தி, மேற்சொன்ன பலருடைய எழுத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தவர். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கூடம் அடங்கும் வரை காத்திருக்கும் அவருடைய நிதானம் ஒரு பாடம்.

எஸ். வி. சேகரின் நாடகப்பிரியா குழு 1970களின் நடுவில் எழுந்தது. 'மகாபாரதத்தில் மங்காத்தா', 'காட்டுல மழை' போன்ற நாடகங்கள் மேடையோடு நிற்காமல் ஒலிநாடாக்களாகவும் பரவி, சபா உறுப்பினராக இல்லாத வீடுகளுக்கும் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளுக்கும் சென்றன. அவருடைய குழுவுக்காக 1976இல் 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தை எழுதிக்கொடுத்த இளம் பொறியாளர்தான் அந்தத் தலைப்பாலேயே கிரேஸி மோகன் ஆனார்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றிய மோகன், 1979இல் கிரேஸி கிரியேஷன்ஸ் குழுவைத் தொடங்கினார். தம்பி மாது பாலாஜியை நாயகனாக வைத்து 'அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்புகளும்', 'மேரேஜ் மேட் இன் சலூன்', 'மீசை ஆனாலும் மனைவி', 'சாக்லேட் கிருஷ்ணா' என்று நாற்பது ஆண்டுகள் எழுதினார். நாயகன் எப்போதும் மாது, நாயகி பெரும்பாலும் ஜானகி; தம்மை முதலில் மேடையேற்றிய பள்ளி ஆசிரியையின் பெயரை அவர் அப்படிப் போற்றினார். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதை மறைக்க ஓர் ஆள்மாறாட்டம் என்று கதை இறுகிக்கொண்டே போகும்போது, ஒருவர் சொன்ன சொல்லின் வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றவர் பதில் சொல்வார். அந்தப் பதிலின் ஒரு சொல் அடுத்தவர் கையில் வேறாகும். அதைப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். மேடையில் ஒரு நடிகர் ஓர் அசை தாமதித்தாலும் சங்கிலி அறுந்துவிடும். 2019 ஜூனில் அவர் மறைந்தபோது, ஆபாசமோ உடல் குறையைப் பற்றிய ஏளனமோ இல்லாமல் இரண்டு மணி நேரம் சிரிக்கவைக்க முடியும் என்பதைக் காட்டிய ஒரு பெரிய எழுத்தாளரைச் சென்னை இழந்தது.

பூர்ணம் விஸ்வநாதனின் நாடகங்களை ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

அவர் நடிப்பே தனி. டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். ஆகவே குரலை எவ்வளவு குறைத்தாலும் சொல் தெளிவாகக் கேட்கும் கலை அவருக்குக் கைவந்தது. மெரினா எழுதிய 'தனிக்குடித்தனம்', 'ஊர் வம்பு' போன்ற நாடகங்களிலும், சுஜாதா எழுதிய 'ஊஞ்சல்', 'கடவுள் வந்திருந்தார்' போன்றவற்றிலும் அவர் படைத்த நடுத்தர வயது, முதிய வயது மனிதர்கள் துணுக்கு சொல்பவர்கள் அல்லர். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டும் எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவர் தெரிகிறார். வீட்டில் மற்றவர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைக்கிறார்கள். சிரிப்புக்கு நடுவே, ஓய்வு பெற்றவரின் சொல்லுக்கு வீட்டில் இருக்கும் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி உறைக்கிறது. சபா நகைச்சுவையின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

'துணுக்குத் தோரணம்' என்ற விமர்சனம் நியாயமானதா?

பெருமளவு நியாயமானதுதான். 1980களில் வெற்றி பெற்ற நாடகங்களைப் பார்த்து எழுதப்பட்ட பலவற்றில், பத்திரிகைத் துணுக்குகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டதைத் தவிர வேறு எதுவும் இல்லை. மேடையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எதுவும் குறையாது என்ற நிலை ஒரு நாடகத்துக்குப் பெருமை ஆகாது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும், ஞாநியின் பரீக்ஷாவும் உடலையும் வெளியையும் மௌனத்தையும் கொண்டு இதே நகரத்தில் வேறு நாடகம் செய்துகொண்டிருந்தன என்பதை நினைத்தால் இந்தக் குறை மேலும் தெளிவாகத் தெரியும். கதைக்களம் பெரும்பாலும் மயிலாப்பூர், மாம்பலம் பிராமண வீடுகளைத் தாண்டவில்லை என்பதும், வடசென்னையின் வாழ்க்கை அந்த மேடையில் வேலைக்காரர், ரிக்‌ஷாக்காரர் வடிவில் மட்டுமே எட்டிப்பார்த்தது என்பதும் இன்னும் பெரிய குறை.

ஆனால் அந்தச் சொல்லை எல்லா நாடகங்கள் மீதும் ஒரே அளவாகப் போர்த்துவதை ஏற்க முடியாது. பாலசந்தரின் நாடகத்தில் துணுக்கு பாத்திரத்திலிருந்து பிறக்கிறது; சோவிடம் அது வாதத்தின் ஆயுதம்; மெரினாவிடம் வீட்டுப் பேச்சின் இயல்பு. எந்த நாடகம், எந்தக் காட்சி என்று குறிப்பிட்டுப் பேசும் விமர்சனம் நமக்கு மிகவும் குறைவாகவே கிடைத்திருக்கிறது.

பெண்களின் பங்கு எவ்வளவு?

மிகக் குறைவு, அது திறமைக் குறைவினால் அன்று. சுகுண விலாச சபாவின் தொடக்க காலத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். பின்னர் பெண்கள் மேடைக்கு வந்தபோதும், அலுவலகம் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பும் வாழ்க்கையை ஆணுக்கு அனுமதித்த குடும்பம் பெண்ணுக்கு எளிதில் அனுமதிக்கவில்லை. அதனால் பல நாடகங்களில் மனைவி சமையலறைக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்தார்; சிலவற்றில் பெண் பாத்திரமே இல்லை.

இதற்கு மிக அழகான எதிர்வினை மும்பையிலிருந்து வந்தது. பாம்பே ஞானம் 1989இல் தொடங்கிய மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் ஆண் வேடம் உட்பட எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்றார்கள். எழுத்தும் இயக்கமும் அவருடையவை. அந்தக் குழு சென்னைச் சபாக்களில் நடித்தபோது, அதுவரை மேடைக்குள் வராத வீட்டுக் கவலைகள் பெண்ணின் பார்வையிலிருந்து பேசப்பட்டன.

கூட்டம் எப்போது, எதனால் குறைந்தது?

தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் அது சபா நாடகக் குழுக்களுக்கு உதவியாகவே இருந்தது. மேடை நாடகங்கள் சுருங்கிய வடிவில் ஒளிபரப்பாயின, நடிகர்களின் முகம் ஊருக்குத் தெரிந்தது. உண்மையான இழப்பு 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்து நெடுந்தொடர்கள் பெருகியபோது ஏற்பட்டது. பார்வையாளரைவிட முக்கியமாக நடிகர்களையும் எழுத்தாளர்களையும் அவை எடுத்துக்கொண்டன. வார இறுதி ஒத்திகைக்கு ஆள் சேர்வது கடினமாயிற்று.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. அரங்க வாடகை உயர்ந்த அளவுக்குச் சந்தா உயரவில்லை. உறுப்பினர்களுக்கு வயதானது, அவர்களுடைய பிள்ளைகள் வெளிநாட்டிலோ நகரத்தின் தென்கோடியிலோ குடியேறினார்கள். மாலை ஐந்து மணிக்கு முடியும் வேலை என்பது தகவல் தொழில்நுட்பத் துறையில் இல்லாமல் போனதால், பகுதிநேர நடிகரின் அடிப்படையே ஆட்டம் கண்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அரங்குகள் முற்றிலுமாக மூடப்பட்டன. வயதான உறுப்பினர்களில் பலர் அதன் பிறகு கூட்டமுள்ள இடங்களுக்கு வரத் தயங்கினார்கள்.

இன்று பார்க்க விரும்புகிறவர் எங்கே போகலாம்?

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாதான் முதலில் கவனிக்க வேண்டியது. புதிய நாடகங்கள் பல அங்கேதான் அரங்கேறுகின்றன. நாரத கான சபா, வாணி மகால், கிருஷ்ண கான சபா ஆகிய அரங்குகளில் வார இறுதிகளில் நாடகங்கள் நடக்கின்றன. உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் வாயிலிலும் இணையத்திலும் டிக்கெட் கிடைக்கும். முதல்முறை போகிறவர், நூறு முறைக்கு மேல் நடந்த பழைய நாடகம் ஒன்றையும், இந்த ஆண்டு எழுதப்பட்ட புதிய நாடகம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நடிகர்களின் தேர்ச்சிக்கும் எழுத்தின் புதுமைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புரியும். ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் தனிநபர் நகைச்சுவை செய்யும் இளைஞர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். 2003இல் தொடங்கிய ஈவம் நாடகக் குழு அதற்கு வழி திறந்தவர்களில் ஒன்று.

பழைய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியோ ஒலிநாடாவோ எங்கள் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். சோ, சுஜாதா, கிரேஸி மோகன் போன்ற பெயர் பெற்றவர்களின் நாடகங்களில் பல நூலாக அச்சாகியிருக்கின்றன. மற்றபடி சென்னையின் சபாக்களில் மேடையேறிய நாடகங்களில் பெரும்பகுதி தட்டச்சுப் பிரதியாகவே இருந்து, குழு நடத்துநரின் வீட்டுப் பரணில் அழிந்துகொண்டிருக்கிறது. அழைப்பிதழ், துண்டறிக்கை, ஒத்திகையின்போது எடுத்த புகைப்படம் எல்லாமே வரலாற்றுச் சான்றுகள்தாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பண்பாட்டின் ஆவணங்களைப் பாதுகாக்கும் நிறுவனம். அதன் மூலத் தொகுப்பிலேயே நாடக விளம்பரத் தாள்கள் உண்டு. அவர்களைத் தொடர்புகொள்ளலாம். ஒலிநாடா என்றால் அது ஒட்டிக்கொள்ளும் முன் கணினிக்கோப்பாக மாற்றிவிடுங்கள். காணொளி நாடாவுக்கு அவசரம் இன்னும் அதிகம்.

பிரதியைக் கொடுப்பதற்கு முன்னால், குழுவில் இருந்த மூத்தவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து, அரங்கேற்றம் எந்த ஆண்டு, எந்த அரங்கு, எந்த வேடத்தில் யார், பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் சொன்னவர் யார், செட் போட்டவர் யார் என்பனவற்றைத் தனித்தாளில் எழுதி, தேதியிட்டு, பிரதியோடு இணைத்து வையுங்கள்.